பத்து நாள் மாத்திரை

ஜூன் 6, திங்கள்

இந்திராணி இன்றும் வரவில்லை. சமையல், பாத்திரம், மாடி பெருக்குவது எல்லாம் என் தலையில். வேலைக்குச் சேரும்போது மாதம் ஒரு நாள் லீவு என்றுதான் பேச்சு. ஐந்து வருடமாக அப்படித்தான் இருந்தாள். இந்தக் கோடையிலிருந்து பத்து நாளைக்கு ஒருமுறை காணாமல் போகிறாள். கேட்டால் அம்மாவுக்குச் சர்க்கரை, பெரியாஸ்பத்திரியில் மாத்திரை வாங்க வேண்டும் என்கிறாள். சர்க்கரை யார் வீட்டில் இல்லை?

மதியம் கூரியர் வந்தது. கோயமுத்தூர் டாக்டர் எப்போதும்போல வெளியே எதுவும் எழுதாத பழுப்பு அட்டைப் பெட்டியில் அனுப்பியிருக்கிறார். மூன்று மாதத்துக்கு வரும். ஒரு பாட்டிலை மேசை டிராயரில் வைத்துவிட்டு மற்றதை பீரோவில் பூட்டினேன். மகள் மிதுனாவிலிருந்து எங்கள் ஏற்றுமதிக் கம்பெனி மேனேஜர் வரை எல்லோரும் தைராய்டு மாத்திரை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எச்.ஐ.வி. என்று எழுதுவது இந்த நோட்டில் மட்டும்தான். இதையும் பூட்டித்தான் வைக்கிறேன்.

சாயங்காலம் என் நாத்தனார் சௌந்தரம் வந்தார். நங்கை என்றுதான் கூப்பிடுகிறேன். அவருடைய தம்பி, என் வீட்டுக்காரர், போன பிறகு இந்த வீட்டுக்கு அவர்தான் பெரியவர். மிதுனாவுக்கு ஒரு வரன் கொண்டுவந்திருக்கிறார். பையன் இன்ஜினியர், ஒரே மகன். ஆடி பிறப்பதற்குள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்களாம்.

ஜூன் 9, வியாழன்

மழை. மாடியில் காயவைத்திருந்த மாங்காய் வற்றல் நனைந்துவிட்டது.

ஜூன் 17, வெள்ளி

நேற்றும் லீவு. இன்று காலை இந்திராணி வந்ததும் நிற்க வைத்துக் கேட்டுவிட்டேன்.

"இன்னொரு தடவ இப்பிடிச் சொல்லாம கொள்ளாம நின்னயினா நான் வேற ஆளப் பாத்துக்குவேன். கல்யாணப் பேச்சு நடக்குற வீடு இது."

"ஒரு மாசத்துக்குக் குடுத்துட்டிருந்தாங்கக்கா. இப்ப மருந்து வரலீன்னு பத்து நாளைக்குத்தான் தராங்க. ரெண்டு பஸ்ஸு மாறிப் போயி, வரிசைல நின்னு வாரதுக்குள்ள பொழுது போயிருதுங்க."

"உங்கம்மாவுக்கு இங்க மெடிக்கல்ல வாங்கிக் குடு. சர்க்கரை மாத்தர எங்கயும் கெடைக்கும்."

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு, "இனிமே லீவு போட மாட்டனுங்கக்கா" என்றாள்.

கொஞ்சம் கண்டிப்பாக இருந்தால்தான் வேலை நடக்கிறது.

ஜூன் 25, சனி

டிராயரில் இருக்கும் பாட்டில் சீக்கிரம் குறைகிறதோ என்று தோன்றுகிறது. நானே ஞாபகமறதியில் இரண்டு முறை போட்டுக்கொண்டேனோ? அப்படி இருக்காது. இந்த அறைக்குள் வருவது மிதுனாவும் இந்திராணியும்தான். தைராய்டு மாத்திரையை யார் எடுப்பார்கள்?

ஜூன் 28, செவ்வாய்

எழுதாமல் இருக்கலாமா என்று யோசித்தேன்.

மொட்டைமாடிச் சாவியைக் காணவில்லை என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். இந்திராணி துணி காயப்போட்டுவிட்டுத் தன் கூடையில் போட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைத்து, அவள் பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது கூடைக்குள் கையை விட்டேன். வெள்ளை பாட்டில் ஒன்று தட்டுப்பட்டது. விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்த லேபிள். கீழே மூன்று மருந்துகளின் பெயர். என்னுடையது வேறு கம்பெனி, வேறு நிறம். ஆனால் அந்த மூன்று பெயர்கள் எனக்கு மனப்பாடம்.

பத்து நாளைக்கென்று வாங்கிப் பன்னிரண்டு நாள் ஆகிறது, உள்ளே இன்னும் நாலு மாத்திரை கிடந்தது.

நான் செய்த முதல் காரியம், போய்க் கை கழுவியது. சோப்பு போட்டு முழங்கை வரை கழுவினேன். கழுவிக்கொண்டிருக்கும்போதே நான் யார், என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. குழாயை மூடிவிட்டு அங்கேயே நின்றேன்.

"சாவி ஆணியிலயேதான் தொங்குதுங்கக்கா" என்று இந்திராணி பின்கட்டிலிருந்து சொன்னாள்.

ஜூன் 30, வியாழன்

எடுத்தது அவள்தான். எடுத்திருக்கிறாள் என்றால் அது என்ன மாத்திரை என்று தெரிந்துதான் எடுத்திருக்கிறாள். அப்படியென்றால் என்னைப் பற்றியும் தெரியும். எத்தனை நாளாகத் தெரியும்?

என்ன திருடினாய் என்று நான் கேட்க முடியாது. கேட்டால் பதில் வரும்.

அவளுடைய புருஷன் லாரி ஓட்டியவன், செத்து ஏழெட்டு வருடம் ஆகிறது. நான் அவளைப் பற்றி வேறு என்னென்னவோ நினைத்தேன். பிறகு என் வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டேன். ஏற்றுமதி வேலையாக ஊர் ஊராகப் போனவர்தான் அவரும்.

டாக்டருக்குப் போன் செய்து, வெளியூர் போகிறேன், கூடுதலாக ஒரு பாட்டில் வேண்டும் என்றேன். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. "நாளைக்கே அனுப்பிடறேன் மேடம்" என்றார்.

ஜூலை 5, செவ்வாய்

புது பாட்டிலை டிராயருக்குள் வைக்காமல் மேசை மேலேயே வைத்தேன். மறந்து வைத்ததாக இருக்கட்டும்.

அவள் மேசையைத் துடைத்தாள். பாட்டிலை எடுத்து, துடைத்து, அதே இடத்தில் வைத்தாள். நான் ஹாலில் பேப்பர் படித்தபடி உட்கார்ந்திருந்தேன். மாத்திரை குலுங்கும் சத்தம் கேட்டது.

இருமிக்கொண்டே இருக்கிறாள். ஆடாதோடைக் கஷாயம் வைத்துக் குடி என்றேன். சரிங்கக்கா என்றாள். வேறு எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

ஜூலை 8, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பலகாரம் என்ன செய்வது என்று பேச நங்கை வந்தார். ஆனால் வந்ததும் வராததுமாகக் கதவைச் சாத்தினார்.

"கலா, உன்ற வேலக்காரி பெரியாஸ்பத்திரில எங்க போயி நிக்கிறான்னு தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"எங்க தோட்டத்து ஆளோட சம்சாரம் அங்கதான் கூட்டறா. கண்ணால பாத்திருக்கறா. எய்ட்ஸ்காரங்களுக்கு மருந்து குடுக்கற எடத்துல வருசக்கணக்கா நிக்கறாளாமா. அவ கையால பெசஞ்ச மாவுலயா மாப்ள வீட்டுக்குப் பலகாரம் சுடுவ?"

சமைப்பதால் தொற்றாது என்று சொல்ல எனக்குத் தெரியும். பதினான்கு வருடமாக டாக்டர் எனக்குச் சொல்லிக்கொண்டிருப்பதே அதைத்தான். அதைச் சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்று நங்கை கேட்பார் என்று பட்டது. வாயைத் திறக்கவில்லை.

நங்கை சமையலறைக்கே போனார். "இந்தா புள்ள, நாளையிலருந்து நீ வர வேண்டாம். ஏன்னு நான் சொல்லோணுமா? உனக்கே தெரியும்."

இந்திராணி பிசைந்துகொண்டிருந்த மாவை அப்படியே விட்டாள். கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, என்னை ஒருமுறை பார்த்தாள். நான் பார்வையை எங்கே வைத்தேன் என்று ஞாபகமில்லை. கூடையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைப் பற்றியும்தான்.

அந்த மாவை நங்கை குப்பையில் கொட்டச் சொன்னார். கொட்டினேன்.

ஜூலை 10, ஞாயிறு

எல்லாம் நல்லபடியாக நடந்தது. பையன் கலகலப்பானவன், மிதுனாவுக்குப் பிடித்திருக்கிறது. ஆவணியில் நிச்சயம் என்று பேச்சு. அதிரசமும் காப்பியும் நானே போட்டேன். "சம்பந்தியம்மா கைப்பக்குவம் அருமைங்க" என்று பையனின் அம்மா காப்பியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஜூலை 19, செவ்வாய்

மேசை மேல் வைத்த பாட்டிலில் எனக்கானதை மட்டும் எடுக்கிறேன். மீதி இருக்கிறது.

ஜூலை 22, வெள்ளி

கோயமுத்தூர் போய்வந்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் ரத்தப் பரிசோதனையின் முடிவு வந்திருக்கிறது. கிருமி கண்டறிய முடியாத அளவு. டாக்டர் கை கொடுத்தார். ஏசி அறை, பத்து நிமிடக் காத்திருப்பு, பெயர் சொல்லிக் கூப்பிடாத ரிசப்ஷன். இதற்காகத்தான் இவரிடம் போகிறேன்.

கிளம்பும்போது கேட்டேன். "ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டா என்ன ஆகும் டாக்டர்?"

முகம் மாறிவிட்டது. "நீங்களா?"

"இல்ல. தெரிஞ்சவங்க ஒருத்தங்க. கவர்மென்ட்ல வாங்கறவங்க."

"மருந்து அரைகுறையா இருந்தா கிருமி ஏறிக்கும் மேடம். எதிர்ப்புச் சக்தி எறங்குனதும் டிபி உள்ள வந்திடும். அப்புறம் இதே மருந்து கேக்காமயும் போகலாம். கவர்மென்ட்ல குடுக்கறதும் நல்ல மருந்துதான், உங்களோடதேதான். விடாமக் கைக்குக் கெடைக்கணும், அவ்வளவுதான்." பிறகு கேட்டார். "ஏன் விட்டாங்க?"

தெரியவில்லை என்றேன்.

வரும் வழியில் டிரைவர் மூர்த்தி தானாகவே சொன்னான், இந்திராணியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம், நெஞ்சில் சளியாம்.

ஜூலை 26, செவ்வாய்

போனேன். பெரியாஸ்பத்திரிக்குத் தள்ளியே காரை நிறுத்தச் சொல்லி, கோயிலுக்குப் போகிறேன் என்று மூர்த்தியிடம் சொல்லிவிட்டு நடந்தேன்.

வார்டில் நர்ஸ் ஒரு மாஸ்க் கொடுத்தார். கடைசிக் கட்டிலில் இந்திராணி. அடையாளமே தெரியவில்லை. தோள் எலும்பு ஜாக்கெட்டுக்குள் துருத்திக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"வாங்கக்கா. மிதுனா பாப்பாவுக்கு முடிவாயிருச்சுங்களா?"

முதல் கேள்வியே அதுதான். ஆயிற்று என்றேன். கொண்டுபோன ஆரஞ்சை உரித்துக் கொடுத்தேன். ஒரு சுளையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க மாத்தரய எடுத்தனுங்க" என்றாள். "பொய் சொல்லல. எனக்கு மூணு வருசமாத் தெரியுங்கக்கா. குப்ப கொட்டறது நாந்தானே. லேபிளக் கிழிச்சுத்தான் போடுவீங்க. ஒருக்கா கிழியாமக் கெடந்துச்சு."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமே."

"என்னன்னுங்க கேக்கறது? கேட்டா நீங்க பயந்துக்குவீங்க." இருமல் வந்தது. அடங்கும்வரை சுவரைப் பார்த்தபடி இருந்தாள். "பத்து நாளைக்கு ஒருக்கா வாங்கோணும்னு அவங்க சொன்னாங்க. லீவு போட்டா வேற ஆளுன்னு நீங்க சொன்னீங்க. பத்து நாள் மாத்தரய இருவது நாளைக்கு இழுத்தேன். எடையில விட்ட நாளுக்குத்தான் உங்க டிராயருல கைய வெச்சேன். தெனமும் எடுக்கப் பயம். எப்பவாச்சும்தான் எடுத்தேன்."

குரலில் கோபம் இல்லை. பால்காரன் வராத கதையைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். நான் சேலைத் தலைப்பின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"மேச மேல வெச்சீங்களே, அது எனக்குன்னுதான் வெச்சீங்க?"

"ஆமா."

"அப்பிடித்தான் நெனச்சேன். வாயத் தொறந்து சொல்லியிருந்தீங்கன்னா பாட்டிலோட எடுத்துட்டுப் போயிருப்பேன்."

மீதிச் சுளைகளைத் தட்டில் வைத்தேன். பிறகு நான் கேட்டேன். "அன்னிக்கு நங்கை பேசறப்ப எம்பேரச் சொல்லியிருக்கலாமே நீ."

"சொன்னா உங்களையும் தொரத்துவாங்க. ரெண்டு பேரும் வெளிய நின்னு என்னத்தக்கா பண்றது?"

கோயமுத்தூருக்குக் கூட்டிப்போகிறேன், என் டாக்டரிடம் காட்டுகிறேன், எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"அது எத்தன நாளைக்குங்க? உங்களுக்குத் தோணற வரைக்கும்தான். இந்த மாத்தர ஆயுசுக்கும் வேணும். எனக்கு இந்த எடந்தான் சரி. டிபி மாத்தரயோட இத ரெண்டு வேளை போடோணும்னு சொல்லியிருக்கறாங்க. வீட்டுக்கு அனுப்புனப்புறம் வரிசைல நிக்க எனக்குத் தெம்பு வராது. எங்கம்மாவுக்கு மெய்யாலுமே சர்க்கரைதான், காலு புண்ணு. யாராச்சும் வந்து வாங்கிக் குடுத்தாச் சரி."

"மூர்த்திய அனுப்பறேன்."

"டிரைவரு வேண்டாமுங்க" என்றாள். அத்தோடு கண்ணை மூடிக்கொண்டாள்.

வெளியே வரும்போது நர்ஸ், "நீங்க சொந்தமாங்க?" என்று கேட்டார். "இவ்வளவு வருசம் ஒழுங்கா சாப்பிட்ட அம்மா. நடுவுல ஏன் விட்டாங்கன்னே புரியல. நீங்களாச்சும் கேட்டுப் பாருங்க."

சரி என்றேன்.

ஜூலை 28, வியாழன்

மிதுனாவிடம் சொன்னேன். காலை உணவுக்குப் பிறகு, தட்டுகூட எடுக்காமல். உட்காரச் சொல்லிவிட்டு, எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்றேன். வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை.

அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாவுக்கும் அதுதானா?"

"ஆமா அம்மிணி. நுரையீரல்னு ஊருக்குச் சொன்னோம்."

"நான் மூணாவது படிக்கறப்ப ரத்தம் எடுக்கக் கூட்டிட்டுப் போனியே. அதுக்கா?"

"உனக்கு இல்ல. ரெண்டு தடவ பாத்தோம். இல்ல."

எழுந்து உள்ளே போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நான் மேசையிலேயே உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்து, அழுத கண்ணோடு வந்து நின்றாள்.

"தைராய்டுக்கு ஆகாதுன்னு படிச்சுட்டு, இந்த வீட்டுல இத்தன வருசம் முட்டைக்கோசே வாங்க விடலியேம்மா நானு. நீயும் ஒரு வார்த்த சொல்லல."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். பிறகு இந்திராணியைப் பற்றியும் சொன்னேன். நான் லீவு தர மாட்டேன் என்றதையும் மாவைக் கொட்டியதையும் சொன்னேன். அதைக் கேட்டதும் என் தோளிலிருந்து தலையை எடுத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளையிடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். மறைத்துக் கட்டிக்கொள்ள மாட்டாளாம்.

ஆகஸ்ட் 7, ஞாயிறு

நங்கை வந்தார். வாசல்படி ஏறவில்லை.

"மிதுனா சொன்னதக் கேட்டுட்டு, மாப்ள வீட்டுல ஆவணில வேண்டாம், தள்ளி வெச்சுக்கலாம்னு சொல்லியுட்டாங்க. தள்ளி வெக்கறதுன்னா என்னன்னு உனக்கே தெரியும். என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கற கலா நீ? பதினாலு வருசமா உன்ற கையில சாப்பிட்டேனே!"

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலியே நங்கை" என்றேன்.

நங்கையின் முகம் என்னவோ ஆயிற்று. படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப, தம்பியும் இதுலதான் போனானா?"

"ஆமாங்க."

"அன்னிக்கு இதுக்கு மருந்து இல்லியா?"

"இருந்துச்சு. கோயமுத்தூருல காசுக்குக் கெடச்சுது. கவர்மென்ட்ல சும்மாவே குடுத்தாங்க. யாராச்சும் பாத்துருவாங்கன்னு அவரு எங்கயும் வரல. போர்வையைப் போத்திக்கிட்டு உள்ளயே கெடந்தாரு."

நங்கை அழுதார். தம்பி செத்த அன்றுகூட இப்படி அழுது நான் பார்க்கவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். டம்ளரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். குடிக்கவில்லை. போகும்போது படியிலேயே வைத்துவிட்டுப் போனார்.

மிதுனா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. பையன் போனை எடுப்பதில்லையாம்.

ஆகஸ்ட் 16, செவ்வாய்

இந்திராணியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மிதுனா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். எழுந்து நடக்கிறாளாம், சுவரைப் பிடித்துக்கொண்டு. திரும்ப வேலைக்கு வரச் சொல்லி நான் சொல்லியனுப்பியதற்குப் பதில் எதுவும் வரவில்லை. திங்கட்கிழமை மாத்திரை வாங்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பச்சைச் சீட்டையும் மிதுனாவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். யார் போகிறார்கள் என்று கேட்கவில்லையாம்.

ஆகஸ்ட் 22, திங்கள்

மூர்த்தியைப் பஸ் ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டு நடந்துபோனேன். பெரியாஸ்பத்திரிக் கட்டடத்தின் பின்பக்கம், தகரக் கூரை போட்ட நடைபாதை. எட்டு மணிக்கே வரிசை மரத்தடிவரை வந்திருந்தது. ஆண்கள் துண்டை முகத்தில் சுற்றியிருந்தார்கள். பெண்கள் அப்படி எதுவும் மறைக்கவில்லை. சாப்பாட்டுத் தூக்கு, குழந்தை, துணிப்பை என்று உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் நின்றேன். தெரிந்தவர் யாராவது வருகிறார்களா என்று முதலில் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அப்புறம் கால் வலி அந்தப் பயத்தை மறக்கடித்துவிட்டது.

எனக்கு முன்னால் இருந்த அம்மாவுக்கு என் வயது இருக்கும். மலையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள். சுவரோரம் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தாள்.

"உக்காருங்க. பதினொரு மணிக்கு முன்னால நம்ம முறை வராது. போன தடவ வந்து சும்மா போனேன். இன்னிக்காச்சும் மாசத்துக்குக் குடுப்பாங்களா, பத்து நாளுக்கேதானான்னு தெரியல."

உட்கார்ந்தேன். தூக்கிலிருந்து களியை உருட்டி, மூடியில் வைத்து நீட்டினாள். வாங்கிச் சாப்பிட்டேன். என் சேலையையும் செருப்பையும் பார்த்தாள், ஆனால் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"உங்களுக்கு எத்தன வருசமாங்க?"

என் கையில் இருந்தது இந்திராணியின் சீட்டு. இன்னொருவருக்காக வந்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம், அது பொய்யும் இல்லை.

"பதினாலு வருசம்" என்றேன்.

"எனக்குப் பன்னண்டு" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு என் முகத்தைத் திரும்பப் பார்த்தாள். "பன்னண்டு வருசமா மாசாமாசம் வாரேன். உங்கள இங்க ஒருக்காக் கூடப் பாத்ததில்லியே. இத்தன நாளா எங்க வாங்குனீங்க?"

உள்ளே யாரோ அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் தூக்கை மூடிக்கொண்டு, என் பதிலுக்காகக் காத்திருந்தாள்.